டிஸ்க் நிரம்பியபோது பழகிய டெர்மினல்

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவுக்கு மாறிய பிறகும் நெடுநாள் நான், கமாண்டுகளை எழுத்தில் தட்டி வேலை வாங்கும் டெர்மினல் பக்கமே போகவில்லை. மவுஸை வைத்தே எல்லா வேலையும் நடந்துகொண்டிருந்தது. டிஸ்க்கில் இடமில்லை என்ற எச்சரிக்கை வர ஆரம்பித்ததும்தான் நிலைமை மாறியது. வேண்டாத வீடியோக்களை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கொஞ்ச நாளில் மறுபடி அதே எச்சரிக்கை. இடத்தைத் தின்பது எது என்று கண்டுபிடித்தே தீருவது என்ற பிடிவாதத்தில்தான் டெர்மினலைத் திறந்தேன். கமாண்ட் லைன் பழக நினைப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: கமாண்ட் பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே ஆக வேண்டிய ஒரு வேலையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கர்சருக்கு முன்னால் நிற்கும் வரியைத்தான் முதலில் படிக்கக் கற்றேன். பயனர் பெயர், @ குறி, கணினியின் பெயர், அடுத்து நாம் நிற்கும் ஃபோல்டர், கடைசியில் $ குறி. ~ என்று இருந்தால் நம் ஹோம் ஃபோல்டரில் இருக்கிறோம். $ இருக்க வேண்டிய இடத்தில் # இருந்தால் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக இருக்கிறோம், அப்போது எதைத் தட்டுவதற்கு முன்பும் ஒருமுறை நிதானிக்க வேண்டும். எங்கே நிற்கிறோம் என்பதற்கு 'பிடபிள்யூடி', அங்கே என்ன இருக்கிறது என்பதற்கு 'எல்எஸ்', வேறு இடம் போக 'சிடி'. இந்த மூன்றும் ஒரே மாலையில் கைக்கு வந்துவிட்டன.

பழக நேரம் எடுத்தது டெர்மினலின் மௌனம்தான். ஒரு ஃபைலை 'எம்வி' கொடுத்து நகர்த்தினால், நகர்த்திவிட்டேன் என்று ஒரு வார்த்தை வராது. அடுத்த வரி வந்து நிற்கும், அவ்வளவுதான். வேலை சரியாக முடிந்தால் பேச ஒன்றுமில்லை, தவறு நடந்தால் மட்டும் பேசும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி கைகளில் உருவான காலத்தில், தட்டியதும் பதிலும் டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தில்தான் அச்சாகும். அன்று பரவலாக இருந்த டெலிடைப் 33 நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். அந்த வேகத்தில் யாருக்கும் நீட்டி முழக்கத் தோன்றாது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் அதே சிக்கனம் தொடர்கிறது. இது புரிந்ததும் அந்த மௌனம் எனக்குப் பிடித்தே போனது.

இனி டிஸ்க் விஷயம். 'டிஎஃப் -ஹெச்' என்று கொடுத்தால் டிஸ்க்கின் ஒவ்வொரு பிரிவும் (பார்ட்டிஷன்) எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். எது நிரம்பியது என்பது தெரிந்துவிட்டது, எதனால் என்பது தெரியவில்லை. அதற்கு 'டியூ'. ஹோம் ஃபோல்டரில் நின்று 'டியூ -எஸ்ஹெச் *' கொடுத்தேன். ஒவ்வொரு ஃபோல்டரின் அளவும் வரிசையாக வந்தது, ஆனால் பெயரின் அகர வரிசையில். எனக்கு வேண்டியது அளவு வரிசை.

இங்கேதான் பைப் வந்து சேர்ந்தது. | என்ற ஒரு கோடு. இடப்பக்கக் கமாண்ட் வெளியே தள்ளுவதை வலப்பக்கக் கமாண்ட் அப்படியே வாங்கிக்கொள்ளும். பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வலியுறுத்தி வந்த யோசனை இது, 1973-இல் யூனிக்ஸுக்குள் வந்தது. நான் 'டியூ -எஸ்ஹெச் * | சார்ட் -என்' என்று கொடுத்தேன். சார்ட் அடுக்கித் தந்த வரிசை விசித்திரமாக இருந்தது: 2ஜி (ஜிகாபைட்) அளவுள்ள ஃபோல்டர் மேலே, 900கே (கிலோபைட்) அளவுள்ள ஃபோல்டர் கடைசியில். காரணம், -என் என்பது எண்ணை மட்டும் பார்க்கும். 2-ஐ விட 900 பெரியது என்பதோடு அதன் வேலை முடிந்தது, பின்னால் ஒட்டியிருக்கும் ஜி, கே எதையும் அது கணக்கில் எடுக்காது. 'மேன் சார்ட்' என்று தட்டிக் கையேட்டைப் புரட்டினால், -ஹெச் என்று ஒன்று இதற்காகவே இருக்கிறது. கையேட்டுக்குள் / தட்டி ஒரு சொல்லை எழுதினால் தேடும், 'என்' அழுத்தினால் அடுத்த இடம், 'க்யூ' அழுத்தினால் வெளியே. கமாண்ட் லைனில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த மேன் பக்கங்கள்தான்.

வரிசை சரியானது. ஆனாலும் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் டிஎஃப் சொன்ன கணக்குக்குக் கிட்டவே வரவில்லை. விடை அந்த நட்சத்திரக் குறியில் இருந்தது. * என்பதை விரித்துப் பெயர்களாக மாற்றுவது டியூ அல்ல, நாம் தட்டும் வரியை வாங்கிப் படிக்கும் பேஷ். புள்ளியில் தொடங்கும் பெயர்களை அது தானாகச் சேர்க்காது. பிரவுசரும் மற்ற செயலிகளும் தற்காலிகமாகச் சேமிப்பவை குவிவதோ .கேச் என்ற ஃபோல்டரில். நட்சத்திரத்தை விட்டுவிட்டு, ஒரு நிலை ஆழம் மட்டும் காட்டு என்று 'டியூ -ஹெச் -டி 1 | சார்ட் -ஹெச்' கொடுத்ததும் அது பட்டியலின் அடியில், பெரியவற்றுக்கு நடுவே வந்து நின்றது.

இதிலிருந்து ஒரு நல்ல பழக்கம் வந்தது. * போட்டு எதையும் அழிப்பதற்கு முன், அழிக்கும் கமாண்டான 'ஆர்எம்' இருக்கும் இடத்தில், கொடுத்ததைத் திரையில் எழுதிக் காட்ட மட்டும் செய்யும் 'எக்கோ'வை எழுதி எண்டர் தட்டுவேன். எந்தெந்தப் பெயர்கள் சிக்கும் என்று பேஷ் விரித்துக் காட்டிவிடும். பார்த்துவிட்டு, மேல் அம்புக்குறியால் அதே வரியைத் திரும்ப வரவழைத்து, எக்கோவை ஆர்எம் ஆக்குவேன். ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். புதிதாகப் பழகுபவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பேன்.

அடுத்து, சிஸ்டம் தன் தரவுகளைச் சேர்த்து வைக்கும் /வார் ஃபோல்டர். சாதாரணப் பயனராக டியூ கொடுத்தால் 'பர்மிஷன் டினைட்' என்று வரி வரியாக வரும். கமாண்டை ரூட் உரிமையோடு இயக்கும் 'சுடோ'வை முன்னால் சேர்த்தேன். பாஸ்வேர்டு தட்டும்போது என் கணினியில் திரையில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், எழுத்துகளின் எண்ணிக்கைகூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உள்ளே இருந்தவை இரண்டு: செயலிகளை நிறுவிய பின்னும் தங்கிவிட்ட பேக்கேஜ் ஃபைல்கள், நடப்பதையெல்லாம் சிஸ்டம் எழுதி எழுதிச் சேர்த்த லாக். முதலாவதற்கு 'சுடோ ஏபிடி கிளீன்'. லாக்குக்கு 'ஜர்னல்சிடிஎல்' கமாண்டிலேயே இவ்வளவு போதும் என்று அளவு சொல்லிக் குறைக்கும் வசதி உண்டு. அந்த ஃபைல்களைக் கையால் அழிக்கப் போகாதீர்கள்.

டேப் கீயைச் சொல்லாமல் விட மனமில்லை. பெயரின் முதல் சில எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். நிரப்பவில்லை என்றால் அந்தப் பெயரில் இங்கே ஒன்றும் இல்லை, அல்லது ஒன்றுக்கு மேல் இருக்கிறது. இரண்டாம் முறை அழுத்தினால் இருப்பவற்றைப் பட்டியலிடும். தட்டச்சு மிச்சம் என்பதை விட, எண்டர் தட்டுவதற்கு முன்பே சரிபார்த்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

இடம் கிடைத்துவிட்டது, எச்சரிக்கையும் நின்றது. அந்த டியூ வரியை அப்புறம் ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன். தலையில், இதை பேஷ்தான் இயக்க வேண்டும் என்று சொல்லும் #!/பின்/பேஷ், கீழே அந்த ஒரே வரி. 'சிஹெச்மாட் +எக்ஸ்' கொடுத்து இயக்கும் உரிமை தந்தேன். பெயரை மட்டும் தட்டினால் பேஷ் கண்டுகொள்ளாது, ஏனென்றால் நாம் நிற்கும் ஃபோல்டரில் அது தேடுவதில்லை, முன்னால் ./ சேர்க்க வேண்டும். ஹோமில் 'பின்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஃபைலை அதில் போட்டு, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வந்தால் உபுண்டுவில் அதுவும் தேவையில்லை. இப்போது எந்த ஃபோல்டரில் இருந்தாலும் பெயரைத் தட்டினால் போதும், அங்கே எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாக வந்துவிடும்.