பாட்டியிடம் ஒப்பித்த கட்டுரைகள்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று வாரம் வரை எனக்குத் தெரிந்த வாசிப்பு உத்தி ஒரு மஞ்சள் ஹைலைட்டர்தான். சிங்கப்பூரின் செங்காங்கில் ரயில் ஏறியதும் கட்டுரையை விரிப்பேன். பத்து நிறுத்தம் தாண்டி டோபி காட் வருவதற்குள் நாலைந்து பக்கம் மஞ்சளாகியிருக்கும். படித்துவிட்ட திருப்தியோடு இறங்குவேன். வகுப்பில் "இவர் யாருடைய கருத்தை மறுக்கிறார்?" என்று கேட்டால், மஞ்சள் நிறம் மட்டும்தான் நினைவுக்கு வரும்.

அது 13 வாரம் ஓடும் எழுத்துப் பாடம். இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். கூடவே, எப்படிப் படித்தோம், எப்படி எழுதினோம் என்று ஒரு குறிப்பேடும் வைத்திருக்க வேண்டும். என் முதல் வரைவு திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரு வரி இருந்தது: வாதம் சரி, ஆனால் எழுதியவர் யார் என்றே தெரியவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த 'பீல்' முறைப்படி, கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தேனே! அந்த முறையைக் குறை சொல்ல மாட்டேன், தேர்வில் காப்பாற்றியது அதுதான். ஆனால் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது நாலு பத்தியும் ஒரே உயரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் மாதிரி வரிசையாக நின்றன. தமிழில் மட்டும் என்ன வாழ்ந்தது? துணைப்பாட வகுப்பில் மனப்பாடம் செய்த சொற்றொடர்களுக்கு ஒரு தனி நோட்டே வைத்திருந்தேன். என் கட்டுரைகளில் கதிரவன் தினமும் பொற்கதிர் பரப்புவான், யாராவது ஒருவருடைய கண்கள் குளமாகும். மழைக்குப் பேர்போன சிங்கப்பூரில் ஒரு நாள்கூட மேகமூட்டம் கிடையாது.

அந்த வாரம்தான் 'எஸ்கியூ3ஆர்' என்ற வாசிப்பு முறை பற்றிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சிஸ் ராபின்சன் 1946இல் எழுதியது. முதலில் தலைப்புகளை மேலோட்டமாகப் பார்ப்பது, அவற்றைக் கேள்விகளாக மாற்றுவது, பதில் தேடிப் படிப்பது, மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது, பிறகு திரும்பப் பார்ப்பது. இதோடு ஜான் டன்லாஸ்கியும் சகாக்களும் 2013இல் பத்துக் கற்றல் உத்திகளை எடைபோட்ட கட்டுரையும் கிடைத்தது. அடிக்கோடு போடுவது, ஹைலைட் செய்வது, திரும்பத் திரும்பப் படிப்பது எல்லாம் குறைந்த பயன் பட்டியலில் இருந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே இருந்தன. அந்தக் கட்டுரையையும் பாதி தூரம் மஞ்சளாக்கிய பிறகுதான் கையை நிறுத்தினேன்.

'சொல்லிப் பார்ப்பது' என்ற படிதான் சிக்கல். தனியாகச் சொன்னால் கட்டுரையில் இருந்த அதே ஆங்கில வார்த்தைகளைக் கிளி மாதிரி ஒப்பித்தேன். அப்புறம் ஒருநாள் இரவு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். பாட்டிக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். அன்றைய கட்டுரை 'சமூக மூலதனம்' பற்றியது.

"மூலதனம்னா காசுதானே?"

"இல்ல பாட்டி, மனுஷங்களுக்குள்ள இருக்கற தொடர்பு, நம்பிக்கை..."

"அப்ப, ஆத்திர அவசரத்துக்குக் கதவத் தட்டினா தொறக்க ஆள் இருக்கான்னு கேக்கறாங்க. அதுக்கு இத்தன பக்கமா?"

பன்னிரண்டு பக்கம் படித்தும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. அடுத்து, ஒரே கூட்டத்துக்குள் இருக்கும் பிணைப்பு, வேறு கூட்டத்தோடு போடும் பாலம் என்று கட்டுரை பிரித்ததைச் சொல்லப் போய்த் திக்கினேன். எங்கே திக்கினேனோ அங்கேதான் எனக்குப் புரியவில்லை என்று தெரிந்தது. எழுந்து போய் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் மறுபடி படித்துவிட்டு வந்தேன். "பிணைப்பு நம்ம கோயில் ஆளுங்க, பாலம் எதிர்வீட்டு மக்சிக்" என்றேன். எதிர்வீட்டு மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். பாட்டி தலையாட்டினார்.

இரண்டாம் கட்டுரையை அந்த மக்சிக்கின் தட்டிலிருந்தே தொடங்கினேன். நோன்புப் பெருநாளுக்கு அதில் குவே என்ற மலாய்ப் பலகாரம் வரும். தீபாவளிக்கு முறுக்கோடு திரும்பிப் போகும். வெறும் தட்டாக ஒருமுறையும் போனதில்லை. அதற்குப் பிறகுதான் 1989இல் வந்த வீவக இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு புளோக்கிலும் இந்த இனத்தவர் இத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்ற வரம்பு பக்கத்து வீட்டில் யார் என்பதைத் தீர்மானிக்கலாம், தட்டு நகருமா என்பதைத் தீர்மானிக்காது. அதுதான் என் வாதம். எழுதும்போது பாட்டி குறுக்கே கேட்கக்கூடிய கேள்விகள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. ஒரு பத்தி மூன்று வரியில் முடிந்துவிட்டது. நீட்டாமல் அப்படியே விட்டேன். பழைய நானாக இருந்தால் ஓர் இணைப்பு வாக்கியமாவது ஒட்டியிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் இது உதவவில்லை. புள்ளிவிவரக் கட்டுரை ஒன்றைச் சொல்லத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் பாட்டி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அதற்கு நானே அட்டவணை போட்டுத்தான் ஒப்பேற்றினேன். அவசரத்தில் எழுதிய முடிவுரையும் அசல் 'பீல்'தான். விரிவுரையாளர் அதை மட்டும் வட்டமிட்டு, "இங்கே மறுபடி காணாமல் போய்விட்டீர்கள்" என்று எழுதியிருந்தார். மதிப்பெண் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது.

பாட்டிக்கு அந்த வரியை மொழிபெயர்த்துச் சொன்னேன். "அன்னிக்கு என்கிட்ட சொல்லாமத் தூங்கப் போயிட்டே இல்ல?" என்றார்.