வானத்தின் மதகுகளும் இங்கிலீஷ் சாரும்

நம் இங்கிலீஷ் சார் காலமான செய்தி வந்ததும், அவரைப் பற்றி எழுதச் சொன்னார் நம் பழைய மாணவர் மலர்க் குழுச் செயலாளர். அவர் பிரம்பைப் பற்றி நீங்களே எழுதுவீர்கள். எனக்கு ‘ஃப்ளட்கேட்ஸ்’ பாடம் போதும்.

‘ஓப்பன் த ஃப்ளட்கேட்ஸ்’ (மதகுகளைத் திறந்துவிடுவது) என்பதற்கு ‘கரை உடைந்தது’ என்று எழுதியவனை பெஞ்சு மேல் ஏற்றி, ஏரியைப் பற்றிச் சொல்லச் சொல்வார். லத்தேரி, கே.வி.குப்பம் என்று கிராமத்திலிருந்து வந்த பையன்கள் தப்பித்தார்கள். டவுன் பையன்கள் பீரியட் முடியும்வரை நின்றார்கள்.

மதகு கரையடியில் இருக்கும். இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு கல், நடுவில் இறங்கும் கம்பி, அதன் நுனியில் அடைப்பு. தூக்கினால் கழனிக்குத் தண்ணீர், இறக்கினால் நின்றுவிடும். உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கலுக்குக் கதவே கிடையாது. ஏரி நிரம்பினால் தானே வழிந்து கோடி போகும். இன்னும் கொஞ்சம் தேக்கும் ஆசையில், கலங்கல் மேல் நட்ட கற்களுக்கிடையே புல்லும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். மழை வலுக்கும்போது அதை எடுக்காவிட்டால் தண்ணீர் மண்கரை மேல் வழியும். வழிந்த இடம் அரித்து உடையும். மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரிக்கும் ஆபத்து. மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்துதான் 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்தது.

உடைவது வேறு, திறப்பது வேறு. ஃப்ளட்கேட்ஸை யாரோ திறக்கிறார்கள்: ஒரு தீர்ப்பு, ஒரு சலுகை. பின்னால் வரும் கூட்டத்தை நிறுத்தத்தான் முடியாது. நியூயார்க் நீதிபதி கார்டோசோ 1931-ல் கணக்குத் தணிக்கையாளர் வழக்கில் பயந்ததும் இதற்குத்தான்: ஒருவருக்கு வழிவிட்டால் எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்துக்குப் பொறுப்பேற்பது? அடக்கிவைத்த அழுகைக்கும் இதே பிரயோகம். எப்போதும் பன்மை, ஒருமையில் எழுதினால் அரை மார்க் போச்சு. என்னைக் கேட்டால், இங்கிலீஷ்காரன் சொல்ல வந்த குணம் கலங்கலுடையது. நம் மதகை மூடலாம்.

தமிழ் பைபிளில் ஆதியாகமம் 7:11-ல், நோவா காலத்து வெள்ளத்தைச் சொல்லும் இடத்தில், ‘வானத்தின் மதகுகளும் திறவுண்டன’ என்று இருக்கிறது. ஜேம்ஸ் அரசர் காலத்து இங்கிலீஷ் பைபிளில் அங்கே ஜன்னல்தான். “மொழிபெயர்த்தவன் ஏரி பார்த்தவன்டா” என்பார் சார்.

நம்மில் முதலில் அமெரிக்கா போனவனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவரும் அவரே. அடுத்த வருஷம் அவர் வீட்டுத் திண்ணையில் வரிசை நின்றது. முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் எழுதினார். ரிட்டயரான பிறகும் பேப்பரில் ‘ஃப்ளட்கேட்ஸ்’ தப்பாக வந்தால், சிவப்பு மையில் சுழித்து வெட்டி, நமக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். பதில் போட்டவர்கள் நம்மில் ரொம்பக் கம்மி.