குதிரைக்கு எத்தனை லிட்டர் பால் என்று கேட்ட சாஃப்ட்வேர்

ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது. எங்கள் குதிரைப் பண்ணைக்கான சாஃப்ட்வேர் இன்னும் வரவில்லை. என்னென்ன செய்து தர வேண்டும் என்ற திட்டம்தான் முடிந்திருக்கிறது. அதற்கே இந்தப் பாடு. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் குதிரை வளர்க்கும் யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், முதலில் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

எங்கள் பண்ணை குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பாதையில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வைத்திருக்கிறோம். கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பு. நோட்டில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம் என்று முதலாளி சொன்னார். டவுனில் ஒரு கம்பெனியைப் பிடித்தோம். கொட்டேஷன், முன்பணம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வம்பு டெமோவில்தான் ஆரம்பித்தது.

முதல் திரையிலேயே காலைப் பால் எத்தனை லிட்டர், மாலைப் பால் எத்தனை லிட்டர் என்று கேட்டது. மாட்டுப் பண்ணைக்குச் செய்ததில் மாட்டுப் படத்தை எடுத்துவிட்டுக் குதிரைப் படத்தை ஒட்டியிருந்தார்கள். "அதை மறைச்சிடலாம் சார்" என்றார் காட்டிக்கொண்டிருந்த தம்பி. சரி, பாலை மறைக்கலாம். இணை சேர்த்த தேதி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். குட்டி போடும் தேதி 283-ஆம் நாளில் வந்து நின்றது. அது பசுவின் கணக்கு. குதிரைக்குச் சராசரி 340 நாள். இதை நம்பினால் இரண்டு மாதம் முன்னாடியே லாயத்தில் ராத்திரிக் காவல் உட்கார வேண்டியதுதான்.

"அந்த நம்பரை மாத்தினா முடிஞ்சுது சார்" என்றார். முடியவில்லை. 320 நாளிலும் நல்ல குட்டி பிறக்கும், 365 நாள் சுமக்கும் குதிரையும் உண்டு. ஒற்றைத் தேதியால் பிரயோஜனம் இல்லை. இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை கவனி என்று சொல்ல வேண்டும். தவிர, பருவத்தில் நிற்கும் ஐந்து முதல் ஏழு நாளில் ஒன்றுவிட்டு ஒருநாள் சேர்ப்பது வழக்கம். இவர்கள் சாஃப்ட்வேரில் ஒரே ஒரு தேதிக்குத்தான் இடம்.

அடுத்த சந்திப்பைப் பண்ணையிலேயே வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். அது வேலை செய்தது. லாயத்தில் பல வருஷமாக இருக்கும் பெரியவர் பத்தே நிமிஷத்தில் அந்தத் தம்பியைத் திணற வைத்துவிட்டார். "தம்பி, பெட்டை பருவத்துக்கு வந்துட்டாளான்னு பார்க்க, ஆண் குதிரையை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டாந்து நிறுத்தணும். இவ காதை மடக்கிட்டு உதைச்சான்னா இன்னும் ஆவலை. வாலைத் தூக்கி ஒண்ணுக்கு விட்டான்னா ஆச்சு. தெனமும் பார்த்து எழுதணும். இதுக்கு எங்க இடம் வெச்சிருக்கீங்க?" இடம் எங்கேயும் இல்லை. அன்றைக்குத்தான் தினசரிப் பருவப் பதிவு என்று ஒரு பக்கம் திட்டத்தில் ஏறியது. குட்டி போட்ட ஏழாம் நாளிலிருந்தே தாய் மறுபடி பருவத்துக்கு வரலாம் என்பதும் அவர் சொல்லித்தான் சேர்ந்தது.

சினை ஸ்கேனுக்கு 'ஆம், இல்லை' என்று இரண்டே பதில் வைத்திருந்தார்கள். நாமக்கல்லிலிருந்து வரும் கால்நடை டாக்டர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். குதிரைக்கு இரட்டை தங்குவது ஆபத்து. 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் செய்து, இரண்டு கரு இருந்தால் ஒன்றை அப்போதே நீக்க வேண்டும். அதனால் எத்தனை கரு, கருப்பையில் எந்தப் பக்கம், மறு ஸ்கேன் எப்போது என்று கேட்க வேண்டும். உங்கள் டாக்டரையும் ஒருநாள் உட்கார வையுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண்போகாது.

பிரசவப் பதிவுக்குக் கட்டம் கட்டமாக ஒரு நீளமான படிவம் காட்டினார்கள். குதிரை பெரும்பாலும் நடுராத்திரியில்தான் குட்டி போடும். கையெல்லாம் ஈரம், ஒரு கையில் டார்ச். அந்த நேரத்தில் யார் டைப் அடிப்பது? குட்டி பிறந்தது, எழுந்து நின்றது, பால் குடித்தது, நஞ்சுக்கொடி விழுந்தது என்று நான்கு பெரிய பட்டன். தொட்டால் நேரம் தானாக ஏற வேண்டும். ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். எது தாண்டினாலும் டாக்டர் நம்பர் திரையில் வர வேண்டும். இதை எழுதி வாங்கியதில் எனக்குப் பெரிய திருப்தி.

இனி, ராத்தூக்கத்தைக் கெடுத்த விஷயம். அடையாளத்துக்காகக் குதிரைகளின் கழுத்துக்குள் வைக்கும் மைக்ரோசிப்பின் எண்ணுக்கு 15 இலக்கம். எக்ஸெலில் அடித்துக் கொடுத்திருந்தோம். கம்பெனி ஆட்கள் அதைத் திறந்து, சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக்கி ஏற்றியதில், எல்லா எண்ணும் 9.81 என்று தொடங்கி, ஒரு இங்கிலீஷ் ஈ போட்டு, 14 என்று முடிந்திருந்தது. மற்ற இலக்கமெல்லாம் போயே போய்விட்டது. "உங்க ஃபைல்லயே அப்படித்தான் இருந்துச்சு" என்று வாதம் வேறு. எங்கள் மூலக் கோப்பைத் திறந்து காட்டிய பிறகுதான் வாயை மூடினார்கள். சிப் எண் உள்ள பத்தியை டெக்ஸ்ட் என்று வைக்கச் சொல்லுங்கள். அத்தோடு சிப் ரீடரை வைத்துக் குதிரையின் இடது கழுத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய ஒரு குதிரைக்குப் பேப்பரில் ஒரு எண், கழுத்தில் வேறு எண்!

பெயரை வைத்து அடையாளம் காணும்படி செய்திருந்ததும் சிரிப்புத்தான். எங்களிடம் ராணியும் உண்டு, அவள் மகள் ராணியும் உண்டு. நிறப் பட்டியலில் செவலை இல்லை, நான்கு காலும் முகமும் வெள்ளையான பஞ்சகல்யாணி இல்லை. உடம்பில் முடி சுழித்திருக்கும் சுழி எங்கே என்று கேட்டால் "அது மூடநம்பிக்கை சார்" என்கிறார்கள். மூடநம்பிக்கையோ என்னவோ, இங்கே வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது சுழியைத்தான். விலை அதில்தான் ஏறும், இறங்கும். குதிரையின் அடையாளங்களைக் காட்டும் படத்திலும் சுழியைக் குறித்தாக வேண்டும்.

வம்சப் பதிவு செய்கிறவர்கள் டிஎன்ஏ கேட்டார்கள். 'பிடரி முடி அனுப்பவும்' என்று மட்டும் படிவத்தில் போட்டிருந்தது. அனுப்பினோம், திரும்பி வந்தது. முடியைக் கத்தரிக்கக் கூடாதாம், வேரோடு பிடுங்க வேண்டுமாம். இதை ஒரு வரி அச்சடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கடைசி இழுபறி சிக்னலுக்கு. மலை மறைப்பதால் லாயத்துக்குள் நெட் கிடைக்காது. "வைஃபை போட்டுக்கோங்க" என்றார்கள். கரண்ட் போனால் வைஃபை எங்கே போகும் என்று கேட்டேன். நெட் இல்லாமலும் போனில் பதிந்து, பிறகு தானாக மேலே ஏற வேண்டும் என்பதைத் திட்டத்தில் சேர்க்க வைத்தோம். தரவு முழுக்கப் பண்ணைக்கே சொந்தம், கேட்ட நாளில் மொத்தமாக எடுத்துத் தர வேண்டும் என்பதும் ஏறியது. பாக்கிப் பணம் மூன்று தவணை. பிரசவத் திரை லாயத்தில் ஓடிக் காட்டிய பிறகே முதல் தவணை.

கொள்ளு, தவிடு, குதிரை மசால் என்று தீவனக் கையிருப்பை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளியாயிற்று. சுழி குறிக்கும் படத்துக்குத் தனியாகப் பணம் வேண்டும் என்று நேற்று ஒரு மெயில் வந்திருக்கிறது. திட்டத்தில் அது இருக்கும் பக்கத்தை போட்டோ எடுத்துப் பதிலுக்கு அனுப்பியிருக்கிறேன்.