தவறான ரத்தப் பரிசோதனையும் பன்னிரண்டு வருடப் பழைய படமும்

எனக்கு அக்ரோமெகாலி; வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மேல் சுரந்து முகமும் கைகால்களும் பெரிதாகும் நோய் அது. அதற்காக 2024 ஜனவரியில் மதுரைக்குப் போய்வந்த ஒரு பயணம் முழுவதும் வீணாயிற்று. பழைய ரயில் பாலம் மூடப்பட்டு, பாம்பனுக்கு ரயிலே வராதிருந்த காலம் அது. விடியலுக்கு முன்பே எழுந்து, வீங்கிய முழங்கால்களை மடக்கிக்கொண்டு பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தது ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தப் பரிசோதனை. பரிசோதனைக் கூடத்தில் ரசீது போட்டவர் கணினியில் அந்தப் பெயரைச் சற்று நேரம் தேடிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி, வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனைக்குப் பணம் வாங்கிக்கொண்டார். மீன் ஏலக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் விடாதவன் நான். அந்த ரசீதை மட்டும் படிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டும் ஒன்றல்ல. வளர்ச்சி ஹார்மோன் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும். ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ரத்தத்தில் அது எவ்வளவு இருந்தது என்பதை வைத்து நோய் அடங்கியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. அந்த ஹார்மோனின் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் ஐ.ஜி.எஃப்.-1 நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், மருத்துவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். அறிக்கையை ஒரு நொடி பார்த்துவிட்டு மருத்துவர் மேசை ஓரத்தில் வைத்துவிட்டார். மறுபடியும் ரத்தம் கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நோயை அடக்க எனக்கு மாதம் ஒரு ஊசி உண்டு. அந்த ரத்தத்தை அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்னர் எடுக்க வேண்டும்; நானோ அன்று காலையே ஊசியும் போட்டு முடித்திருந்தேன். ஆகவே இன்னும் 28 நாள் காத்திருக்க நேர்ந்தது.

எனக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆயின; பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுவதைக் கவனித்த ஒரு பல் மருத்துவர்தான் முதலில் சந்தேகப்பட்டார். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த, புற்றுநோய் அல்லாத கட்டியை 2019-இல் மூக்கு வழியாக அகற்றினார்கள். ரத்தக் குழாயை ஒட்டியிருந்த சிறு பகுதியை எடுக்க முடியாததால் மாதாந்திர ஊசி தொடர்கிறது.

அந்த ஊசியில் ஒன்றை நானே கெடுத்தேன். மழையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாதபோது, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்தைத் தெரிந்தவரின் ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோய், அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த பாளங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் பெட்டியைத் திறந்த செவிலியர், மருந்துடன் வரும் கரைப்பானைக் கவிழ்த்துப் பார்த்தார்; அது அசையவில்லை. "அண்ணே, இது உறைஞ்சு போச்சு. போட மாட்டேன்" என்றார். மின்சாரம் போனால் ஐஸை ஒரு துணியில் சுற்றி, மருந்தின் மேல் நேரடியாகப் படாதபடி தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள்; குளிர் குறைந்தால் கெடுவதைப் போலவே உறைந்தாலும் மருந்து கெடும்.

அடுத்த முறை ஐ.ஜி.எஃப்.-1 என்று ரசீதில் அச்சாகியிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையை நீட்டினேன். இதன் இயல்பளவு வயதுக்கு வயது மாறும், கூடத்துக்குக் கூடமும் மாறும் என்பதால், முடிந்தவரை ஒரே கூடத்தில் எடுப்பது நல்லது.

ரத்தம் சரியாக முடிந்தது, சிக்கல் காப்பீட்டு கவுன்டரில் காத்திருந்தது. அட்டையில் இருந்த படம் 2012-இல் எடுத்தது. கவுன்டரில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இது உங்க தம்பியா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாடையும் புருவ மேடும் வளர்ந்த முகத்தில் அறுவைக்குப் பிறகு வீக்கம் மட்டுமே வடியும், எலும்பு திரும்பாது என்பதை அந்த வரிசையில் நின்றபடி விளக்க எனக்கு மனமில்லை. மருத்துவரிடம் திரும்பிப் போனேன். முக மாற்றம் இந்த நோயின் அறிகுறி என்று சீட்டில் இரண்டு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் கவுன்டரில் மறுபேச்சு இல்லை. அந்தச் சீட்டின் நகலும் அதே பழைய படமும் இப்போது என் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. படத்தை எறிந்துவிடாதீர்கள்; புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று என் மனைவி கேட்டதுண்டு. இந்த நோயைக் கவனிக்காமல் விட்டால் இதயத் தசை தடிக்கும், ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் சேர்ந்துகொள்ளும், ஆயுள் குறையும். ஐ.ஜி.எஃப்.-1 தொடர்ந்து இயல்பளவில் இருந்தால் மற்றவர்களுக்கு நெருக்கமான ஆயுளை எதிர்பார்க்கலாம். ஆனால் தேய்ந்த மூட்டுகள் பழையபடி ஆவதில்லை. பெருங்குடலில் சதைத் திட்டுகள் வளரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். அதற்கு மயக்க மருந்து கொடுப்பவரிடம், நாக்கு பெரிதாக இருப்பதையும் இரவில் மூச்சு தடைபடுவதையும் நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்குச் சிறிய திட்டு ஒன்றை எடுத்தார்கள், பயாப்ஸியில் கெடுதல் இல்லை. ஐ.ஜி.எஃப்.-1 என் வயதுக்குரிய அளவுக்குள் வந்திருந்தது. எட்டிலிருந்து பத்துக்குப் போன செருப்பு அளவு ஐந்து வருடமாகப் பத்திலேயே நிற்கிறது.