வெளிநாட்டு சென்டரை எடைபோடும் வேலை

கூடைப்பந்தில் ரிங்குக்கு அருகே ஆடும் உயரமான வீரர்தான் சென்டர். அமெரிக்காவின் என்பிஏ லீக்குக்குச் சரிப்படுவாரா என்று எடைபோட, வெளிநாட்டு லீக்கில் ஆடும் ஒரு சென்டரின் வீடியோவைத் திறந்ததும் கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். முதல் தடவை பார்க்கும்போது அதை அடக்கி, அவருடைய இடுப்புக்குக் கீழே மட்டும் பார்ப்பது நல்லது. எதிரணியில் பந்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டு, அவருடைய அணிக்காரர் வழிமறித்து நின்று வைக்கும் ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு, ரிங்குக்கு முன்னால் உள்ள பெயிண்ட் பகுதிக்குள் நுழைகிறார் என்று வையுங்கள். டிராப் என்கிற தடுப்பு முறையில் பின்வாங்கி நிற்கும் சென்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் பொறுப்பு: பந்தோடு வரும் கார்டு ஒருவர், ரிங்கை நோக்கி ஓடும் எதிரணி சென்டர் இன்னொருவர். அந்த ஒன்றிரண்டு விநாடியில் அவர் கால்கள் பின்னிக்கொள்கின்றனவா, இடுப்பை எப்போது எந்தப் பக்கம் திருப்புகிறார், எடை குதிகாலில் இருக்கிறதா முன்பாதத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். சீக்கிரம் திரும்பிவிட்டால் கார்டு நின்ற இடத்திலிருந்தே மெல்லத் தூக்கிப் போட்டுப் புள்ளி எடுத்துவிடுவார். தாமதமானால் தலைக்கு மேலே லாப், அதாவது உயரத் தூக்கிப் போடும் பாஸ், போய்விடும். பத்து ஆட்டம் பார்த்தால் இந்தக் காட்சி நூறு தடவைக்கு மேல் வரும். புள்ளிப் பட்டியலில் ஒரு வரிகூட வராது.

எந்தப் பத்து ஆட்டம் என்பதும் முக்கியம். ஏஜென்ட் அனுப்பும் தொகுப்பில் பந்தை ரிங்குக்குள் அழுத்தும் டங்க்குகளும் எறிதலைத் தடுக்கும் பிளாக்குகளும்தான் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முழு ஆட்டங்கள் வேண்டும். அதில் தோற்ற ஆட்டம் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். வெளியூரில் ஆடியது, இரண்டு நாள் இடைவெளிகூட இல்லாமல் ஆடியது, அந்த லீக்கிலேயே உடல் பலம் அதிகமுள்ள சென்டரை எதிர்த்து ஆடியது ஆகியவையும் வேண்டும். ஏழடிக்கு மேல் வளர்ந்தவர் சொந்த லீக்கில் 20 புள்ளி எடுப்பது பெரிய செய்தி இல்லை. எதிரே நிற்பவர்களில் பாதிப்பேர் அவரைவிட ஒரு சாண் குட்டையாக இருப்பார்கள். தன் உயரத்துக்குச் சமமான ஒருவர் இடுப்பால் முட்டி, இவர் விரும்பும் இடத்திலிருந்து இரண்டடி வெளியே தள்ளிய பிறகு இவர் என்ன செய்கிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது. பந்தைக் கேட்டுக் கை நீட்டிக்கொண்டே நிற்கிறாரா, வேறு பக்கம் போய் ஸ்கிரீன் வைக்கிறாரா?

சீன சென்டர் யாவ் மிங்கின் முதல் மூன்று வாரங்களை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2002இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. உயரம் 7 அடி 6 அங்குலம். அக்டோபர் 14 அன்று பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சீனாவுக்காக ஆடியதால், அணியின் பயிற்சி முகாமில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. அக்டோபர் 30 அன்று இண்டியானாவில் முதல் ஆட்டம்: 11 நிமிடம், 0 புள்ளி, 2 ரீபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அணியின் ஆட்டத்திட்டங்களைக் கற்றுக்கொள்ளவே அவகாசம் கிடைக்காத ஒருவரின் 11 நிமிடம் எதையும் நிரூபிக்காது. நவம்பர் 17 அன்று லேக்கர்ஸுக்கு எதிராக எறிந்த 9 பந்தும் உள்ளே போய் 20 புள்ளி. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் காயம் காரணமாக லேக்கர்ஸின் பலமான சென்டர் ஷாக்கில் ஓ'நீல் அன்று ஆடவில்லை. நான்கு நாள் கழித்து டல்லஸுக்கு எதிராக 30 புள்ளி, 16 ரீபவுண்ட்.

2003 ஜனவரி 17 ஆட்டம்தான் முழுப் படத்தையும் காட்டியது. ஓ'நீலை முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்த யாவ், தொடக்க நிமிடங்களிலேயே அவருடைய எறிதல்களைத் தொடர்ந்து தடுத்தார். மொத்தம் 6 பிளாக், 10 புள்ளி, 10 ரீபவுண்ட். கூடுதல் நேரத்தில் ஹூஸ்டன் வென்றது. ஆனால் ஓ'நீல் 31 புள்ளி எடுத்தார். நீளமும் நேரக் கணிப்பும் உண்டு, கீழுடம்பு இன்னும் தயாராகவில்லை: இரண்டு செய்தியும் ஒரே ஆட்டத்தில் கிடைத்தன. அந்த சீசன் முடிவில் 82 ஆட்டம், சராசரி 13.5 புள்ளி, 8.2 ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோவில் 81 சதவீதம். கடைசி எண்ணைத்தான் நான் முதலில் அடிக்கோடிடுவேன். யாரும் தடுக்காமல், ஒரே தூரத்திலிருந்து, மூச்சு வாங்கும்போது எறிவதுதான் ஃப்ரீ த்ரோ. லீக் மாறினாலும் அந்த தூரமும் ரிங்கின் உயரமும் மாறுவதில்லை. மணிக்கட்டின் உண்மை அங்கே வெளியே வந்துவிடும்.

மாறுபவை வேறு. சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், ஒருவர் வெளியேற வேண்டிய வரம்பு 5 ஃபவுல். என்பிஏவில் 48 நிமிடம், 6 ஃபவுல். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் எட்டு நிமிடத்துக்கு ஒரு ஃபவுல்தான். ஆக, ஒரு ரூக்கி (முதல் சீசன் ஆடும்) சென்டர் ஃபவுல் சிக்கலில் மாட்டுவதற்குக் காரணம் அனுமதி குறைந்தது இல்லை. காக்க வேண்டிய இடம் பெரிதாகிவிட்டது. மூன்று புள்ளிக் கோடு வெளிநாட்டில் 6.75 மீட்டர், என்பிஏவில் மேற்பகுதியில் 7.24 மீட்டர். அந்த அரை மீட்டர் எதிரணி வீரர்களை வெளியே இழுத்துவிடுகிறது; நடுவில் காலி இடம் பெருகுகிறது. மேலும், யாரையும் நெருக்கமாகக் காக்காமல் பெயிண்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற தடுப்பு விதி என்பிஏவில் 2001-02 முதல் இருக்கிறது; சர்வதேச ஆட்டத்தில் இல்லை. ஐரோப்பாவில் ரிங்குக்குக் கீழே கம்பம்போல் நின்று பழகியவர், இங்கே வெளியே ஒரு கால் வைத்து மறுபடி உள்ளே வர வேண்டும். அந்த வெளியே-உள்ளே நடையில்தான் அரை விநாடி தாமதமாகிறது, தாமதமானவர் கையால் அடிக்கிறார், விசில் ஊதுகிறது.

அதனால் ஃபவுல்களை எண்ணினால் மட்டும் போதாது, வகை பிரிக்க வேண்டும். தாமதமாக வந்து கையைப் போட்டது எத்தனை, இடுப்பால் இடித்தது எத்தனை, ஸ்கிரீன் வைக்கும்போது நகர்ந்தது எத்தனை. முதல் வகை ஆட்டத்தைப் படிக்கப் படிக்கக் குறையும். நகரும் ஸ்கிரீன் ஒரு மாதப் பயிற்சியில் சரியாகிவிடும். பக்கவாட்டில் கால் போகாததால் இடுப்பைப் போட்டு இடிக்கிறார் என்றால் அது கவலைக்குரியது. பெரும்பாலும் அது போவதில்லை.

இன்னொரு சின்ன விதி. சர்வதேச ஆட்டத்தில் எறிந்த பந்து ரிங்கைத் தொட்டுவிட்டால், வளையத்துக்கு மேலே இருக்கும்போதே யாரும் அதைத் தட்டிவிடலாம். என்பிஏவில் அப்படித் தட்டினால் எதிரணிக்குப் புள்ளி. பத்து வருடப் பழக்கம் கையில் ஊறியிருக்கும். சீசன் தொடக்கத்தில் இந்தத் தவறைச் செய்யும் ரூக்கியை வைத்துத் திறமை பற்றி எதுவும் எழுத வேண்டாம். டிசம்பரிலும் செய்கிறார் என்றால் எழுதலாம்.

மொத்த வேலையும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: அவர் செய்யும் தவறுகள் மாறுகின்றனவா? பதினைந்து ஆட்டத்துக்கு ஒருமுறை தவறுகளைப் பட்டியலிட்டுப் பழைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். நவம்பரில் லாப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஜனவரியில் கார்டு மிதக்கவிடும் எறிதல் போகிறது என்றால், அவர் பின்வாங்கக் கற்றுக்கொண்டு கொஞ்சம் அதிகமாகப் பின்வாங்குகிறார் என்று அர்த்தம். புள்ளி போனது போனதுதான், ஆனால் இது வளர்ச்சி. அதே லாப் அதே பக்கத்திலிருந்து மார்ச் மாதத்திலும் போகிறது என்றால், சராசரிப் புள்ளி ஏறியிருந்தாலும் நம்ப மாட்டேன்.

தவறு செய்வதற்கும் நிமிடம் வேண்டும். 2003இல் டெட்ராய்ட் இரண்டாவதாக எடுத்த தார்கோ மிலிசிச்சை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். செர்பியாவின் ஹெமோஃபார்ம் அணியிலிருந்து வந்தபோது அவருக்கு 18 வயது. அவருக்குப் பின்னால் எடுக்கப்பட்டவர்கள் பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான கார்மெலோ ஆண்டனி, கிரிஸ் பாஷ், டுவைன் வேட். அந்த சீசனில் டெட்ராய்ட் சாம்பியன். மிலிசிச்சுக்குக் கிடைத்தது 34 ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, சராசரி 1.4 புள்ளி. தேர்வு தவறா, வளர்ப்பு தவறா என்று பிரித்துச் சொல்லவே முடியாதபடி ஆகிவிட்டது. ஏழு வருடம் கழித்து மினசோட்டாவில் நேரம் கிடைத்தபோது ஆட்டத்துக்கு 2 பிளாக் எடுத்தார். 2013இல் 27ஆவதாக எடுக்கப்பட்டு யூட்டா சென்ற ரூடி கோபேரும் முதல் வருடம் 45 ஆட்டத்தில் சராசரி 2.3 புள்ளிதான். ஆனால் அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பி ஆட வைத்தார்கள். நின்றபடி கை தூக்கினால் 9 அடி 7 அங்குலம் எட்டியவர் அவர். ரிங்கின் உயரமே 10 அடி. சென்டர்களைப் பொறுத்தவரை உயரத்தைவிட இந்த எட்டும் அளவுதான் பேசும், ஏனென்றால் யாரும் தலையால் பந்தைத் தடுப்பதில்லை. ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கு நான்கு முறை கிடைத்தது.

எட்டும் அளவு மட்டுமே இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2009இல் மெம்ஃபிஸ் இரண்டாவதாக எடுத்த தான்சானியாவின் ஹஷீம் தபீட் 7 அடி 3 அங்குலம். முதல் வருடச் சராசரி 3.1 புள்ளி, அந்த சீசனிலேயே கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார். கூடைப்பந்துக்கு அவர் பதின்ம வயதில்தான் வந்தார் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். சிறந்த சென்டர்களான ஹக்கீம் ஒலாஜுவானும் ஜோயல் எம்பீடும் அப்படித்தான் வந்தார்கள். லாகோஸில் ஒலாஜுவான் ஹேண்ட்பாலும் கால்பந்தில் கோல்கீப்பராகவும் ஆடியிருந்தார்; அந்தக் கால்கள் 1984-85இல் முதல் சீசனிலேயே 20.6 புள்ளி, 11.9 ரீபவுண்ட் எடுத்தன. கூடைப்பந்து எத்தனை வருடம் ஆடினார் என்று கேட்பதோடு, அதற்கு முன் அந்த உடல் என்ன பழகியிருந்தது என்றும் கேட்க வேண்டும்.

கைகளைப் பற்றி செர்பியாவின் நிகோலா யோகிச்சைவிட நல்ல பாடம் கிடையாது. 2014இல் டென்வர் அவரை எடுத்தது 41ஆவதாக. அதே அணி அதே டிராஃப்டில் யூசுஃப் நுர்கிச்சைத் தன்னிடம் கொண்டுவந்தது, அவர் 16ஆவது தேர்வு. யோகிச் குதிக்க மாட்டார், வேகம் குறைவு, உடலும் தொளதொளவென்று இருந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே வரும் மோசமான பாஸைக்கூட ஒரு கையால் பிடித்து, கீழே இறக்காமல் அடுத்தவருக்கு அனுப்புவார். சென்டரின் கைகளைச் சோதிக்க இதுவே வழி: நல்ல பாஸ்களை விட்டுவிட்டு, கெட்ட பாஸ்களில் எத்தனை பிடிக்கிறார், பிடித்த பந்தை இடுப்புக்குக் கீழே இறக்குகிறாரா என்று எண்ணுங்கள். இறக்கினால் சின்ன கார்டுகள் தட்டிப் பறித்துவிடுவார்கள். முதல் வருடம் ஆட்டத்துக்குச் சுமார் 22 நிமிடத்தில் 10 புள்ளி, 7 ரீபவுண்ட். அடுத்த சீசனில் அவரையும் நுர்கிச்சையும் சேர்த்து ஆட வைத்தது சரிவரவில்லை. 2016 டிசம்பரில் யோகிச்சை மட்டும் சென்டராக்கிய பிறகுதான் அணியின் தாக்குதலே மாறியது. பிரான்ஸிலிருந்து வந்த விக்டர் வெம்பன்யாமாவும் 2023இல் இன்னொரு சென்டரோடு சேர்ந்துதான் தொடங்கினார்; டிசம்பரில் சென்டருக்கு மாற்றினார்கள். தவறான இடத்தில் நிறுத்தி எடுத்த எண்களை வைத்து வீரரை மதிப்பிட்டால் பழி அவர்மேல் விழும்.

வெம்பன்யாமாவின் கோடைக்கால லீக் முதல் ஆட்டத்தில் 13 எறிதலில் 2 மட்டுமே உள்ளே போனது. இரண்டு நாள் கழித்து 27 புள்ளி, 12 ரீபவுண்ட். இரண்டையும் வைத்துத் தலைப்புச் செய்தி போட்டார்கள். முதல் ஆட்டத்தில் 5 பிளாக் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு அன்று கலக்கம் வந்திருக்காது.

அடுத்தது பேச்சு. தடுப்பாட்டத்தில் கடைசியில் நிற்பதால் முழுக் கோர்ட்டும் சென்டர் கண்ணில்தான் படும். ஸ்கிரீன் இடப்பக்கமா வலப்பக்கமா, ஆளை மாற்றிக்கொள்வதா, பின்வாங்குவதா என்று அவர்தான் கத்த வேண்டும். தேவைப்படும் சொற்கள் இருபதுகூட இருக்காது, ஆனால் ஸ்கிரீன் வந்து இடிப்பதற்கு முன்னால் வாயிலிருந்து வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெஞ்சில் உட்காரலாம், கோர்ட்டுக்குள் வர முடியாது. சென்டர் மௌனமாக இருந்தால் அடி வாங்குவது கார்டுதான். இரண்டு வாரத்தில் அந்தக் கார்டு அவரை நம்புவதை நிறுத்திவிடுவார், பந்தும் கொடுக்க மாட்டார். வீடியோவில் ஒலி கேட்காவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: கை காட்டுகிறாரா, ஆட்டம் நிற்கும்போது யார் அவரிடம் வந்து பேசுகிறார்கள், அவர் யாரிடம் போகிறார்.

ஆட்டத்தின் காலப்போக்கும் மதிப்பீட்டில் சேர வேண்டும். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னம் சிங்கை 2015இல் டல்லஸ் 52ஆவதாக எடுத்தபோது, இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் வீரர் ஆனார். 7 அடி 2 அங்குலம், அகன்ற தோள், மென்மையான கை. அதே ஜூன் மாதம்தான் கோல்டன் ஸ்டேட் இறுதித் தொடரின் நடுவில் தன் சென்டரைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டுச் சிறிய அணியோடு கோப்பை வென்றது. பெரிய உடலோடு போஸ்டில், அதாவது ரிங்குக்கு அருகே, நின்று ஆடுபவருக்கான இடம் லீக் முழுவதும் சுருங்கிக்கொண்டிருந்த நேரம். கீழ்நிலை லீக்கில் ஆடினார். என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் ஒரு பெஞ்ச் இடமாவது கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக மருத்துவ அறிக்கை. உண்மையில் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். பாதத்தின் நடுவளைவில் நாவிகுலர் என்று படகு வடிவில் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைவு, அதனால் விரிசல் விட்டால் ஆறுவது கடினம். ஏழடிக்காரர்களின் எடை ஓடும்போதும் குதித்து இறங்கும்போதும் அங்கேதான் வந்து இறங்குகிறது. லித்துவேனியாவின் ஷிட்ருனாஸ் இல்கௌஸ்கஸ் 1997-98இல் ரூக்கியாக 82 ஆட்டமும் ஆடினார். அடுத்த மூன்று சீசனிலும் சேர்த்து 29 ஆட்டம்தான். பாத அமைப்பையே மாற்றிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆகி, 2011 வரை ஆடினார். எம்பீட் அந்த எலும்பால் முதல் இரண்டு சீசனையும் முழுதாக இழந்தார். யாவ் சீசன்தோறும் என்பிஏவிலும் கோடையில் சீன தேசிய அணியிலும் ஓய்வில்லாமல் ஆடினார். முதலிலிருந்து கடைசி சீசன் வரை அவருடைய ஆட்ட எண்ணிக்கை: 82, 82, 80, 57, 48, 55, 77, 0, 5.