ஒரு சிற்றூரின் மக்கள்தொகை விவரத்தைத் தொகுப்பது எப்படி

ஒரு சின்ன ஊரின் மக்கள்தொகை விவரம் வேண்டுமென்றால், முழுமையாகக் கிடைப்பது இன்னும் 2011 கணக்கெடுப்புதான். 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. தமிழ்நாட்டு ஊர்களுக்கு இந்த வேலையைச் செய்து பார்த்ததில் ஒன்று தெளிவு: கணக்குப் போடுவது எளிது, எந்த எல்லைக்கு, எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் பிழை நுழைகிறது.

முதல் சிக்கல் ஊரைக் கண்டுபிடிப்பது. கணக்கெடுப்பின் அலகு வருவாய் கிராமம், அதாவது நிலப் பதிவுகளுக்காக வருவாய்த் துறை வகுத்த எல்லை. ஊராட்சியும் அல்ல, குக்கிராமமும் அல்ல. ஒரே வருவாய் கிராமத்துக்குள் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கும், அவற்றுக்குத் தனி எண்ணிக்கை கிடைக்காது. வி.ஏ.ஓ.விடம் வருவாய் கிராமத்தின் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் (District Census Handbook) இரண்டாம் பகுதியில் (Part B) பாருங்கள். மாவட்டம் 2011-இல் இருந்தபடி: தென்காசிப் பக்கத்து ஊர் திருநெல்வேலியில் இருக்கும், கள்ளக்குறிச்சி ஊர் விழுப்புரத்தில். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் ழகரம் பல விதமாக வரும். பெயரின் தொடக்கத்தை மட்டும் போட்டுத் தேடுவது நல்லது. புதூர், நல்லூர் என்று ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ஆறு இலக்க ஊர்க் குறியீட்டைக் குறித்து வைத்தால் குழப்பம் வராது.

அடுத்தது எழுத்தறிவு. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கணக்குக்காக, மொத்தம் 452 பேர், 0-6 வயதில் 41 குழந்தைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 290 பேர் என்று வைத்துக்கொள்வோம். 290-ஐ 452-ஆல் வகுத்தால் 64.2 சதவீதம். இது தவறு. ஏழு வயது நிரம்பியவர்களை மட்டுமே எடுக்க வேண்டும்: 452-இல் 41 போக 411, விடை 70.6 சதவீதம். மாநிலத்தின் 80.09 சதவீதமும் இதே முறையில் வந்தது, அதனோடு ஒப்பிட இந்த எண்தான் பொருந்தும்.

பாலின விகிதம் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. மாநிலத்தில் 996. அந்த 41 குழந்தைகளில் ஆண் 24, பெண் 17 என்றால் 708 வரும். உடனே பெண்சிசுக் கொலை என்று எழுதிவிடக் கூடாது. ஆண் 22, பெண் 19 ஆனாலே 864 ஆகிவிடும். இவ்வளவு சின்ன ஊருக்கு விகிதத்தோடு தலை எண்ணிக்கையையும் கட்டாயம் கொடுங்கள். ஊருக்குள் விடுதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். விடுதிப் பிள்ளைகளும் அந்த ஊர்க் கணக்கில்தான் சேர்வார்கள். பாலின விகிதம், குடும்பத்துக்குச் சராசரி எத்தனை பேர் என்பது எல்லாம் புரண்டுவிடும்.

பட்டியல் சாதி எண்ணிக்கையில் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே வருவார்கள். தலித் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊரில் அந்த எண் குறைவாகத் தெரிவது அதனால்தான். பழங்குடியினருக்கு மத வரையறை இல்லை.

அட்டவணையில் தொழிலாளர் பற்றிய நெடுவரிசைகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுந்தொழிலாளர். இரண்டிலும் விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், பிற என்று நான்கு பிரிவுகள் தனித்தனியே இருக்கும். முதன்மையை மட்டும் எடுத்தால் மானாவாரி ஊர்களில் விவசாயக் கூலிகள் பலர் காணாமல் போவார்கள், பெண்கள் இன்னும் அதிகமாக. இரண்டையும் கூட்டி எழுதுங்கள். முதன்மை எண்ணைப் பக்கத்தில் தனியாகக் காட்டுங்கள்.