மாஸ்டரின் திறப்புக் கோர்வை

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று செயலாளர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். கிரிக்கெட் பற்றி எழுத எங்கள் வகுப்பில் ஆட்கள் தாராளம். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவன். ஆகவே ஒரு சீ.ஆர். கொப்பியைப் பற்றி எழுதுகிறேன்.

1991இல் லண்டனில் ஒரு நிறுவனத்தின் கணினி அறையில் எனக்கு இரவு வேலை கிடைத்தது. ஓபரேட்டர் என்று பெயர். காந்த நாடா மாற்றுவதும் பிரிண்டருக்குக் கடதாசி போடுவதும்தான் வேலை. பலர் ஒரே நேரத்தில் பாவிக்கக்கூடிய யுனிக்ஸ் என்ற முறைமையில் ஓடும் ஒரே ஒரு இயந்திரம், அதிலிருந்து மாடி மாடியாகப் போகும் வயர்கள், வயர் நுனிகளில் பச்சை எழுத்துத் திரைகள். பொறுப்பாளர் ஒரு பஞ்சாபிக்காரர். முதல் இரவே முப்பது சொற்களை ஒரு தாளில் எழுதித் தந்து, இவை தெரியாமல் விசைப்பலகையைத் தொடக்கூடாது என்றார். கொப்பியின் இடப்பக்கம் அவருடைய சொற்களையும் வலப்பக்கம் எனக்கு விளங்கிய தமிழையும் எழுதினேன். வலப்பக்கம் முழுக்க எங்கள் பள்ளிக்கூட விடுதிதான். பலர் கூடிப் பாவிக்கும் முறைமை என்று அதற்கு முன் நான் கண்டது அது ஒன்றைத்தானே!

யூசர்: விடுதிப் பொடியன். லொகின்: ஞாயிறு பின்னேரம் வாசல் பதிவேட்டில் கையெழுத்து. ஹோம் டிரெக்டரி: லொக்கர். குறூப்: இல்லம். கோட்டா: இடியப்பம், ஆளுக்கு ஆறு. கிறொன், அதாவது குறித்த நேரத்தில் தானாக வேலையைத் தொடக்கிவைப்பது: மணி அடிக்கும் பியோன்.

பாஸ்வேட்டுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. விடுதியில் ஏது இரகசியம்? ஆனால் அமெரிக்காவின் எம்.ஐ.ரீ. பல்கலைக்கழகத்திலும் அது நெடுங்காலம் இரகசியமாக இருக்கவில்லை என்று பிறகு வாசித்தேன். 1960களில் அங்கே, பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பாவிக்கும் சீ.ரீ.எஸ்.எஸ். என்ற முறைமையை ஆக்கிய பெர்னான்டோ கொர்பாட்டோவே சொன்ன கதை. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தியிருக்கிறார்கள். தற்காலிகக் கோப்புக்கு இருவருக்கும் ஒரே பெயர். முடிவில், உள்ளே வருபவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவித்தல் இருக்கவேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொல்லும் போய் இருந்துவிட்டது. வந்தவர் எல்லோரும் வாசித்தார்கள்.

அனுமதி என்ற பகுதிக்கு மட்டும் இரண்டு பக்கம். ஒவ்வொரு கோப்புக்கும் சொந்தக்காரன், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, தரப்புக்கு ஒரு இலக்கமாகக் கூட்டிப் போடவேண்டும். 644 என்றால் நான் எழுதலாம், மற்றவர்கள் பார்க்க மட்டும் செய்யலாம். என்னுடைய இரசாயனவியல் நோட்ஸ் அப்படித்தான் இருந்தது என்று நான் நம்பியிருந்தேன். அதன் ஓரங்களில் இருந்த படங்களைப் பார்த்தால் அது 666. வீட்டுக் கடிதங்கள் 600.

'நைஸ்' என்று ஒரு கட்டளை. உன் வேலை அவசரமில்லை என்றால் அதன் நைஸ் எண்ணைக் கூட்டி மற்றவர்களுக்கு வழிவிடலாம், 19 வரைக்கும். குறைத்து முன்னுக்குப் போக முடியாது. அது ரூட் என்ற, எல்லா அதிகாரமும் உள்ள கணக்கால் மட்டுமே முடியும். சாப்பாட்டு வரிசையில் விட்டுக்கொடுத்தவன் மறுபடி முன்னுக்கு வர ஏலாது என்ற சட்டம் எங்களுக்குப் புதிதா என்ன?

ஸொம்பிதான் என்னை இரண்டு இரவு படுத்தியது. ஒரு புறோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலை, இன்னொன்றைப் பெறும். அவற்றைத் தாய், பிள்ளை என்றே சொல்வார்கள். பிள்ளை முடிந்துபோனதும் அதன் கடைசிக் கணக்கைத் தாய் வந்து பெற்றுக்கொள்ளவேண்டும். தாய் வராவிட்டால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். கட்டாயமாக நிறுத்தும் கட்டளையான 'கில் 9' அடித்தேன், அசையவில்லை. செத்ததை எப்படிக் கொல்வது? தாயை நிறுத்தினால் முதலாம் இலக்கப் புறோசஸ் பிள்ளையைத் தத்தெடுத்துக் கணக்கை முடித்து அனுப்பிவிடும். கொப்பியில் எழுதினேன்: அந்தியேட்டி செய்யாத சாவு.

இனி ரூட். எந்தக் கோப்பையும் திறக்கலாம், யாருடையதையும் அழிக்கலாம், அனுமதி எண்கள் ஒன்றும் செல்லாது. சாதாரண ஆளுக்குத் திரையில் டொலர் குறி நிற்கும். ரூட்டுக்கு ஹாஷ் குறி. எச்சரிக்கை அவ்வளவுதான். வலப்பக்கத்தில் நான் எழுதியது: போர்டிங் மாஸ்டர். எல்லா லொக்கருக்கும் மறுதிறப்பு அவரிடம் இருந்தது. ஒருநாள் யாரோ அதைப் பற்றி முணுமுணுக்க, கோர்வையை மேசையில் வைத்துச் சொன்னார்: "தம்பியவை, என்னட்டைத் திறப்பு இருக்கெண்டதுக்காக நான் திறந்து பாக்கிற ஆள் எண்டு நினைக்காதேங்கோ." அவர் திறந்ததை நாங்கள் கண்டதில்லை.

எனக்கு ரூட் கிடைத்து மூன்றாம் வாரம் டிஸ்க் நிரம்பிவிட்டது. கணக்குப் பிரிவின் அடைவில் தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கப் போனேன். நட்சத்திரக் குறிக்கும் அடுத்து வந்த புள்ளிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. தனியே நிற்கும் நட்சத்திரத்துக்கு 'எல்லாம்' என்று பொருள். யுனிக்ஸ் 'உண்மையாகவா?' என்று கேட்பதில்லை. அடைவிலிருந்த கோப்புகள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஞாயிறு எடுத்த முழுப் பிரதி நாடாவையும், பிறகு வந்த நாட்களின் மாற்றங்கள் உள்ள நாடாக்களையும் வரிசையாகப் போட்டு மீட்க விடிந்துவிட்டது. அன்று பகல் அங்கே ஒரு அம்மா தட்டச்சு செய்த வேலை எந்த நாடாவிலும் இல்லை. காலையில் நானே போய் அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து, தேவை முடிந்த கையோடு ரூட்டிலிருந்து வெளியேறிவிடுவேன்.

தாளின் கடைசிச் சொல் ஷட்டவுன். சும்மா சுவிட்சை அணைக்கக்கூடாது. முதலில் எல்லாத் திரைகளுக்கும் பத்து நிமிட அறிவித்தல் போகவேண்டும். பிறகு ஓடும் வேலைகளிடம் முடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு சைகை, கேளாதவற்றுக்கு 9. நினைவகத்தில் மிச்சம் இருப்பதை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்குகளை முறைமையிலிருந்து கழற்றி, அதன் பிறகுதான் நிறுத்தம்.

எங்கள் விடுதிக்கு அந்த அறிவித்தல் வந்தது 1987 ஒக்டோபரில், இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கிய நாட்களில். மாஸ்டர் மணி அடிக்கவில்லை. அறை அறையாக வந்து, கொண்டுபோகக் கூடியதை மட்டும் எடுங்கோ என்றார். தூர ஊர்ப் பொடியன்களைப் பக்கத்து வீடுகளில் ஒப்படைத்தார். இரண்டு சின்னப் பொடியன்கள் போகமாட்டோம் என்று அழுதார்கள். கையில் பிடித்துக் கொண்டுபோய் விட்டார். சமையற்காரரை அனுப்பினார். தண்ணீர்ப் பம்பை நிற்பாட்டினார். நான் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, திறப்புக் கோர்வை சைக்கிள் ஹாண்டிலில் தொங்க, மேல்மாடி யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு வந்த மாஸ்டர் கடைசியாக வெளிவாசலைப் பூட்டிக்கொண்டிருந்தார்.